குடியேற்றச் சட்டம் கற்பிக்க ஆசையா? முதலில் கேஸ் கட்டைக் கையில் எடுங்கள்

கேள்வி: சென்னையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு முடித்து, சில வருடங்கள் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். திருமணத்துக்குப் பின், எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். குடியேறிகளின் உரிமைகளுக்காக வழக்காடவும், பிற்காலத்தில் சட்டக் கல்லூரியில் அதையே கற்பிக்கவும் ஆசை. நடக்குமா? எங்கே தொடங்குவது? - ஒரு வாசகி

பதில்: நடக்கும். ஆனால் முதலில் முனைவர் பட்டம், அப்புறம் பேராசிரியர் வேலை என்று நம் ஊரில் போடும் கணக்கு இங்கே ஒத்துவராது. இந்தத் துறையின் பேராசிரியர்களில் பலர் களத்திலிருந்து வகுப்பறைக்கு வந்தவர்கள். பில் ஓங் ஹிங், சான் பிரான்சிஸ்கோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி வழக்கறிஞராகத் தொடங்கியவர். ஷோபா சிவபிரசாத் வாதியா, வாஷிங்டனில் குடியேறிகளுக்கான அமைப்பில் பணியாற்றிவிட்டு, 2008-இல் பென் ஸ்டேட் சட்டக் கல்லூரியில் குடியேறிகள் உரிமைக்கான கிளினிக்கைத் தொடங்கினார்.

கிளினிக் என்பது பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே நிஜமான கட்சிக்காரர்களுக்காக வழக்கு நடத்தும் வகுப்பு. அதன் அருமை புரிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1994 டிசம்பரில், நீங்கள் இப்போது வசிக்கும் மாநிலத்தின் நியூவார்க் விமான நிலையத்தில், டோகோ நாட்டிலிருந்து 17 வயதுப் பெண் ஒருத்தி தஞ்சம் கேட்டு வந்து இறங்கினாள். பெயர் ஃபௌசியா கசிஞ்சா. கட்டாயக் கல்யாணத்துக்கும் பிறப்புறுப்புச் சிதைப்புக்கும் பயந்து ஓடிவந்தவள். ஓராண்டுக்கு மேல் காவலில் அடைத்து வைத்தார்கள். குடியேற்ற நீதிபதி அவள் சொன்னதை நம்பவில்லை. அந்த விசாரணையில் அவளுக்காக உழைத்தவர் லைலி மில்லர் என்ற சட்ட மாணவி. மேல்முறையீட்டை எடுத்தவர், அப்போது அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் கிளினிக் நடத்திய கேரன் முசாலோ. 1996 ஜூனில் மேல்முறையீட்டு வாரியம் தஞ்சம் அளித்தது. அந்தத் தீர்ப்பு அதன்பின் வந்த எத்தனையோ பெண்களுக்கு முன்னுதாரணமாயிற்று.

குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் பெறும் உரிமை கிடையாது. தஞ்சம் கேட்பது குழந்தையாக இருந்தாலும் இதே நிலைதான். ஆகவே இங்கே ஒரு நல்ல வக்கீலின் இடம் மிகப் பெரியது.

இனி உங்கள் விஷயம். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி அட்டை வேண்டும். பொதுவாக, உங்கள் கணவருக்கான ஐ-140 மனு (வேலை வழியாக கிரீன் கார்டு பெறுவதற்கான மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை ‘தன்னார்வம்’ என்ற பெயரில் இலவசமாகச் செய்தாலும் சிக்கல் வரும், ஜாக்கிரதை.

குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால், எந்த ஒரு மாநிலத்தில் வழக்கறிஞர் உரிமம் பெற்றாலும் நாட்டின் எந்தக் குடியேற்ற நீதிமன்றத்திலும் நிற்கலாம். வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கு நியூயார்க் வழிவிடுகிறது. எல்எல்எம் (முதுநிலைச் சட்டப் படிப்பு) சேரப் பணம் கட்டுமுன், நியூயார்க் சட்டத் தேர்வு வாரியத்திடம் உங்கள் பட்டத்தை மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். எல்எல்எம் தேவையா என்பது அப்போது தெளிவாகும். சேர்வதானால், எல்எல்எம் மாணவர்களைக் கிளினிக்கில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரியின் பெயரைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

உரிமம் வருமுன்னே இன்னொரு வழி உண்டு. நீதித்துறை அமைச்சகம் அங்கீகரித்த தொண்டு நிறுவனத்தின் மூலம் ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ ஆகலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அதுவரை ஒன்றில் கறாராக இருங்கள். கோயிலில் பார்ப்பவர்கள், “நீங்க லாயர்தானே, இந்த ஃபார்மைக் கொஞ்சம் பாருங்களேன்” என்பார்கள். உரிமமில்லாமல் ஆலோசனை சொல்வது சட்டப்படி குற்றமாகலாம். தவறான ஒரு பதிலால் அவர்கள் நாடு கடத்தப்படவும் கூடும்.

உங்கள் தமிழை லேசாக நினைக்காதீர்கள். இலங்கைத் தமிழரான துரைசிங்கம் 2017-இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்க எல்லை தாண்டியதும் பிடிபட்டார். இலங்கையில் தன்னை வேனில் கடத்திப்போய்க் கட்டிவைத்து அடித்தார்கள் என்று தஞ்சம் கேட்டார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் அடித்தது யார், எதற்காக என்று அவரால் சொல்ல முடியாததால் கோரிக்கையை நிராகரித்தார். இலங்கையில் வேனில் ஆளைக் கடத்தினால் பாதுகாப்புப் படையினர் மேல் சந்தேகம் விழும் என்று அறிந்தவர் அங்கே அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். மொழிபெயர்ப்பாளரோடு பேசுவதிலும் சிக்கல் இருந்ததாக மனுவில் சொல்லப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் அவருக்கு எதிராக முடிந்தது. கட்சிக்காரரின் மொழியிலேயே உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டு வாக்குமூலம் எழுதத் தெரிந்தவர்கள் இத்துறையில் குறைவு.

கற்பிக்கும் ஆசைக்கு, சில வருடம் வழக்காடிய பின் கிளினிக் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஜார்ஜ்டவுனின் தஞ்ச வழக்குக் கிளினிக்கில் இது இரண்டாண்டுப் பணி. மாணவர்களின் வழக்குகளை மேற்பார்வையிட்டுக்கொண்டே கற்பிக்கப் பழகலாம். கிளினிக் பேராசிரியர் பதவிக்கு ஆள் தேடும்போது, நீங்கள் நடத்திய வழக்குகளைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.