புதுப்பிக்கச் சொன்ன மெயில் எந்த முகவரிக்கு வந்தது?

கேள்வி: பதினோரு வருடமாக, மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பைத்தான் லைப்ரரியைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். ஆபீஸ் முடிந்து ராத்திரியில்தான் உட்கார முடிகிறது. பயனர்கள் எழுப்பிய 300 இஷ்யூவுக்கு மேல் தீராமல் திறந்து கிடக்கிறது. மனைவி பேசுவதையே குறைத்துவிட்டாள். போன வருடம் அப்பா ஐசியூவில் இருந்தபோது வாசலில் உட்கார்ந்தே மற்றவர்கள் அனுப்பிய கோடு மாற்றங்களை (புல் ரிக்வெஸ்ட்) பார்த்தேன். அந்தக் களேபரத்தில் என் டாட் காம் டொமைனைப் புதுப்பிக்க மறந்து 12 நாள் கழித்துத்தான் பணம் கட்டினேன். லைப்ரரியை வெளியிடும் பைபிஐ, கோடை வைத்திருக்கும் கிட்ஹப் இரண்டுக்கும் அந்த டொமைனில் இருக்கும் மெயில்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒருவர் மூன்று மாதமாக நல்ல பேட்ச்கள் (திருத்தங்கள்) அனுப்புகிறார். எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு விலகலாமா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: 300 இஷ்யூவை விடுங்கள். பழைய புராஜெக்ட் எதிலும் அது தீரப்போவதில்லை. 'இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்' என்று புராஜெக்ட்டின் அறிமுகப் பக்கமான ரீட்மியின் முதல் வரியில் எழுதினால் பாதிப் பேர் புரிந்துகொள்வார்கள்.

போகிற போக்கில் 'நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. டாட் காம் டொமைன் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அப்புறம் 30 நாள், கூடுதல் கட்டணத்தோடு. அதற்குப் பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில நிறுவனங்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காமல் ஏலத்தில் விட்டுவிடும். நீங்கள் தப்பித்தது இந்த அவகாசத்தால்தான்.

2022 மே மாதம் பைபிஐயில் இருந்த 'சிடிஎக்ஸ்' என்ற பழைய பேக்கேஜுக்கு இதுதான் நடந்தது. பராமரித்தவரின் மெயில் டொமைன் காலாவதியாகியிருந்தது. வேறொருவர் அதை வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி, புது வெர்ஷன் ஏற்றினார். அதை இன்ஸ்டால் செய்தவர்களின் என்விரான்மென்ட் வேரியபிள்கள் (ரகசியச் சாவிகளும் இருக்கக்கூடிய கணினி அமைப்புகள்) வெளியே போயின. இப்போது இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், வெறும் மெயிலை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது என்பீர்கள். சரி. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளைச் சொல்லி வரும் கடிதங்கள் அந்த மெயிலுக்குத்தானே வருகின்றன? உங்கள் பெயரில் மற்றவர்களுக்கு எழுதவும் அது போதுமே?

ஒன்று கேட்கிறேன். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எந்த முகவரிக்கு வந்தது? அதே டொமைனில் இருக்கும் முகவரிக்கு என்றால், டொமைன் நின்றதும் எச்சரிக்கையும் நின்றுபோகும். பதிவு நிறுவனக் கணக்கின் மெயிலை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பத்து வருடம் வரை முன்கூட்டியே கட்டலாம், கட்டுங்கள். பைபிஐ, கிட்ஹப் இரண்டிலும் இரண்டாவது மெயிலைச் சேர்த்துச் சரிபார்த்து வையுங்கள். கணக்கை மீட்கும் ரெக்கவரி கோடுகளை அச்சடித்து உறையில் போட்டு பீரோவில் வையுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள். நகை எந்த லாக்கரில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, பதினோரு வருடமாக உங்களை ராத்திரியில் பிடித்து வைத்திருக்கும் பொருளின் சாவி எங்கே என்று தெரியாமல் இருப்பது அநியாயம். கிட்ஹப் செட்டிங்ஸில் வாரிசை நியமிக்கும் இடமும் இருக்கிறது. அதையும் நிரப்புங்கள்.

ஐசியூ வாசலில் இருக்கும் மகனுக்கு ஒரே வேலைதான்: டாக்டர் கூப்பிட்டால் எழுந்து போவது. அங்கே உட்கார்ந்து யாரோ ஒருவரின் புல் ரிக்வெஸ்ட்டைப் பார்த்ததைச் சேவை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிலீஸ் (புது வெர்ஷன்) போட இன்னொருவரை வைக்கலாம். அப்பாவுக்கு இன்னொரு மகனை எங்கே போய்த் தேடுவது? இரண்டாவது ஆளை வைக்காமல் பதினோரு வருடம் ஓட்டியது உங்கள் தவறு. நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

அந்த இரண்டாவது ஆள், மூன்று மாதமாகப் பேட்ச் அனுப்புகிறவர் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்ஜெட் மென்பொருளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோர்ந்துபோன ஒரு பராமரிப்பாளர். 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று நச்சரிக்கும் சில முகவரிகள். அதே சமயம் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை வாங்கிய, ஜியா டான் என்ற பெயர். இரண்டு வருடத்துக்கும் மேல் காத்திருந்து 2024-ல் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்வாசல் வைத்தார்கள். பைனரி டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளித்திருந்தார்கள். அதை எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் கிட் (Git) ரெப்போவில் இல்லை, பதிவிறக்கத் தரும் ரிலீஸ் டார்பாலில் (சுருக்கிய தொகுப்பில்) மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் பிடிபட்டது.

அதனால் ரிலீஸ் உங்கள் லேப்டாப்பிலிருந்து போகக் கூடாது, புதிதாக வருகிறவரின் லேப்டாப்பிலிருந்தும் போகக் கூடாது. முதலில் கோடு இருக்கும் ரெப்போவை கிட்ஹப் ஆர்கனைசேஷனுக்கு (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கணக்கு) மாற்றுங்கள். பிறகுதான் பைபிஐயில் டிரஸ்டட் பப்ளிஷிங், அதாவது நிரந்தர டோக்கன் இல்லாமல் கிட்ஹப்பிலிருந்தே வெளியிடும் முறை. வரிசை மாறினால் ரெப்போ முகவரி பொருந்தாமல் அடுத்த ரிலீஸ் விழும். கிட்ஹப் என்விரான்மென்ட்டில் ஒப்புதல் கட்டாயம் என்று போடுங்கள், ரிலீஸைத் தொடங்கியவரே ஒப்புதல் தர முடியாதபடி பூட்டுங்கள். பைபிஐயில் ஏற்றப் பயன்பட்ட பழைய டோக்கன்கள் உங்கள் லேப்டாப்பின் பைபிஐஆர்சி ஃபைலில் கிடக்கும். பைபிஐ பக்கத்திலேயே ரத்து செய்யுங்கள், ஃபைலை அழித்தால் மட்டும் போதாது. ஓனர் பொறுப்பை, பல வருடமாக வேறு புராஜெக்ட்களில் பெயர் தெரிந்த, நீங்கள் நேரில் பார்த்த ஒருவருக்குக் கொடுங்கள். உங்கள் லைப்ரரியை நம்பி ஓடும் பெரிய புராஜெக்ட்டின் பராமரிப்பாளரைக் கேளுங்கள். மறுக்க அவருக்குக் காரணம் குறைவு.

பேட்ச் அனுப்புகிறவருக்கு, கோடில் கைவைக்காமல் இஷ்யூக்களை ஒழுங்குபடுத்தும் ட்ரையாஜ் உரிமை போதும். ரிலீஸ் போடும் முறையை, வெர்ஷன் எண் எந்தெந்த ஃபைலில் மாற வேண்டும் என்பது உட்பட, ஒரு ஃபைலில் எழுதி அவரிடம் கொடுங்கள். பேக்கேஜ் பெயரை மாற்றி, ஒத்திகைக்கான டெஸ்ட்பைபிஐயில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது தனிக் கணக்கு, உங்கள் சாவி எதுவும் வேண்டாம். கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியை நீங்கள் திருத்துங்கள்.