வயிற்றுப்பாடும் வாசிப்பும்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் பற்றிய உங்கள் குறிப்பில் ‘அறுபதாண்டு மேடை’ என்று வியந்திருந்தீர்கள். கணவர், இசையமைப்பாளர் ராபர்ட், மனநல மருத்துவமனையில், வீடு நிறையப் பிள்ளைகள். வேறு வழியில்லாமல்தானே அந்தப் பெண் ஊர் ஊராகப் போய் பியானோ வாசித்தார்? அதைக் கலைவாழ்க்கை என்று கொண்டாடினால் அவர் பட்ட பாடு மறைந்துபோகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பணம் தேவைப்பட்டது உண்மைதான். 1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். எட்டாவது பிள்ளை அந்த ஜூனில் பிறந்தது. அக்டோபரில் கிளாரா கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் கணக்கை 1854-ல் தொடங்கினால்தான் நீங்கள் சொல்லும் விடை வரும். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில், கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கில் அவர் முதலில் வாசித்தது 1828-ல், ஒன்பது வயதில். 1838-ல் வியன்னா அரசவை பட்டம் கொடுத்தபோது கல்யாணமே ஆகவில்லை. (அந்தக் கல்யாணத்துக்கு அப்பாவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அது தனிக்கதை.) 1842-ல் ராபர்ட் பாதிப் பயணத்தில் வீடு திரும்பிவிட, இவர் கோபன்ஹேகன் வரை போய் வாசித்துவிட்டு வந்தார். மூத்த பெண்ணுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. கடைசிக் கச்சேரி 1891-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில், 71 வயதில். வறுமை தள்ளிவிட்டு மேடையேறியவரின் கணக்கா இது?

அவர் பட்ட பாட்டை நான் வேறோர் இடத்தில் பார்க்கிறேன். ராபர்ட் இசையமைக்க உட்கார்ந்தால் வீட்டில் பியானோ சத்தம் கேட்கக்கூடாது. நாள் முழுக்கத் தனக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை, வாசிப்பு பின்தங்குகிறது என்று 1841-ல் டைரியில் புலம்புகிறார். விரலுக்குத் தினசரிப் பயிற்சி வேண்டும் என்பது வாத்தியம் தொட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. காசுதான் குறி என்றால், ஓபரா மெட்டுகளை வைத்து விரல்வித்தை காட்டும் உருப்படிகள் இருந்தன, கைதட்டலும் நிச்சயம். சின்ன வயதில் அவரும் வாசித்தவைதான். பிறகு அவற்றை விட்டுவிட்டு பாக், பேத்தோவன், ஷோபான், ராபர்ட் ஆகியோர் இயற்றியவற்றைக் கொண்டு நிகழ்ச்சிகளை அமைத்தார். அதுவும் நோட்டைப் பார்க்காமல், மனப்பாடமாக. அன்று சிலர் அதைத் திமிர் என்றார்கள்.

கொண்டாட முடியாத ஒன்றும் இருக்கிறது. பதினாறு வயதில், தானே இயற்றிய கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி), இசையமைப்பாளர் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, வாசித்தவர், ராபர்ட் இறந்த 1856-க்குப் பிறகு ஏறக்குறைய எதுவுமே இயற்றவில்லை.

ஒன்றை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஓர் உருப்படியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன், அந்த நேரத்தில் தோன்றியதைச் சிறு முன்னிசையாக வாசிப்பார். எழுதி வைக்கும்படி மகள்கள் கேட்டதால் 1895-ல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, சிலவற்றைத் தாளில் இறக்கினார். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருவதை எப்படி எழுதுவது என்று திணறினாராம்.