வலிப்பு நின்ற பிறகும் பிள்ளை வகுப்பில் பின்தங்குவது ஏன்?

மாத்திரையால் வலிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் 9 வயது மகன் படிப்பில் பின்தங்குகிறான், விளையாட்டிலும் அவனை யாரும் சேர்ப்பதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கம் இதே நோயுள்ள மகளை வளர்க்கும் தகப்பன்.

முதலில், வலிப்பு உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். கை கால் வெட்டாமல், சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி வேலையைத் தொடரும் வகை ஒன்று உண்டு; அது ஒரு நாளில் பலமுறை வந்தாலும் பள்ளியில் "கவனமில்லாத பிள்ளை" என்ற பெயர்தான் கிடைக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், மூளையின் மின்கோளாறு வலிப்புகளுக்கு இடையிலும், குறிப்பாக உறக்கத்தில், தொடரக்கூடும். அறிவுத்திறன் இயல்பாக உள்ள பிள்ளைகளிடம்கூடக் கவனமும், கேட்டதை மனத்தில் நிறுத்திப் பதில் சொல்லும் வேகமும் குறைவதுண்டு. மருந்துக்கும் பங்குண்டு: டோபிராமேட் சொற்களைத் தேட வைக்கலாம், லெவெடிராசிட்டம் சில பிள்ளைகளிடம் எரிச்சலை உண்டாக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வரும் ஆபத்து உண்டு.

நட்புச் சிக்கலிலும் இந்த வேகக் குறைவைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நான்கு பிள்ளைகள் கேலியும் ஆட்ட விதியுமாக மாறி மாறிப் பேசும்போது என் மகள் முதல் கேள்விக்கே விடை தேடிக்கொண்டிருப்பாள். அவள் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒரே ஒரு தோழி வீட்டுக்கு வந்து தாயம் ஆடினால் அவளே வாயாடிதான். குளத்தில் தனியாக இறங்காதே என்று தடுப்பது நியாயம். பிறந்தநாள் வீட்டுக்குக்கூட அனுப்பாமல் வைத்திருந்தால் பிள்ளை யாரிடம் பழகக் கற்கும்?

நினைவு, கவனம், மொழி ஆகியவற்றை அளக்கும் உளவியல் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை நடக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருப்பதால், எங்கள் எல்லையோரக் குடும்பங்கள் பலவும் அந்த ஊருக்கே செல்கின்றன. எங்கே பார்த்தாலும், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைத் தமிழிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மலையாளத்தில் கேட்டால் சொல்நினைவின் மதிப்பெண் குறையும், அந்தக் குறைவு நோயின் கணக்கில் அறிக்கையில் ஏறிவிடும். அறிக்கையை வகுப்பாசிரியரிடம் காட்டி, பாடக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லவும், தேர்வில் கூடுதல் நேரம் தரவும் கேளுங்கள்.