ஸ்காடா இருக்கும்போது பிஎம்யூ எதற்கு? பார்ப்பதற்கு மட்டும்தானா, கிரிட்டை, அதாவது மின்கட்டமைப்பை, கட்டுப்படுத்தவும் உதவுமா?

இதைக் கேட்ட நீங்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்வியை என்னிடம் அனுபவசாலிகளே கேட்டிருக்கிறார்கள், அதுவும் கொஞ்சம் நக்கலாக. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்காடா என்பது மின்நிலையங்களின் அளவுகளைத் திரட்டிக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டும் அமைப்பு. அது சில நொடிகளுக்கு ஒருமுறை அளவைக் கொண்டுவரும். அளந்த நேரம் நிலையத்துக்கு நிலையம் முன்பின் இருக்கும். பிஎம்யூ என்பது நிலையத்தில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் கருவி. அது நொடிக்கு 25 அல்லது 50 அளவுகளை ஜிபிஎஸ் நேரத்தோடு அனுப்பும். அதனால் தொலைதூர நிலையங்களின் மின்னழுத்தக் கோணங்களை (ஒன்றின் மின்னழுத்த அலை மற்றதைவிட எவ்வளவு முன்பின் இருக்கிறது என்பதை) ஒரே கணத்தில் ஒப்பிடலாம். 50 ஹெர்ட்ஸில் கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் கோணத்தில் 0.018 டிகிரிதான் பிழை.

ஒருநாள் இரவு ஷிப்டில், ஸ்காடா திரையில் ஒரு நீண்ட லைனின் லோடு ஆடாமல் நின்றது. பிஎம்யூ திரையில் அதே லோடு நான்கு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. எங்கள் ஸ்காடா படிப்பதும் நான்கு நொடிக்கு ஒருமுறை. ஊஞ்சல் ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் படம் எடுத்தால் அது ஆடுவதே தெரியாதே! கருவிக் கோளாறு என்றார்கள். லைனின் இரு முனைகளின் அதிர்வெண்ணையும் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கியது. வெவ்வேறு நிலையத்துக் கருவிகள் அப்படிப் பேசிவைத்துக்கொண்டா கெடும்? லைனில் போகும் மின்சாரத்தைக் குறைத்ததும் ஆட்டம் படிப்படியாக அடங்கியது.

பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்துக்கு ஷிப்டில் இருந்த யாரையும் கூப்பிடவில்லை. ராத்திரி முழுக்கக் கண்விழிப்பவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. இது இன்னும் உறுத்துகிறது.

ஒரு சம்பவத்தை வைத்துப் பேசாதீர்கள் என்பவர்கள் 1996 ஆகஸ்ட் 10 அன்று மேற்கு அமெரிக்க கிரிட்டில் நடந்ததைப் படியுங்கள். கணினி மாதிரியில் அடங்கிவிடும் என்று வந்த அலைவு, அதாவது இதே மாதிரி ஆட்டம், உண்மையில் வளர்ந்து கிரிட்டை ஒன்றோடொன்று இணைப்பில்லாத நான்கு தீவுகளாகப் பிரித்தது. ஸ்காடாவைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அன்றாட இயக்கத்துக்கு அது வேண்டும்.

சரி, கட்டுப்படுத்த முடியுமா? முடியும். அதே மேற்கு அமெரிக்காவில் வடக்கு, தெற்குப் பகுதிகளின் அதிர்வெண் வித்தியாசத்தை பிஎம்யூ மூலம் அளந்து, அந்த இரு பகுதிகளையும் இணைக்கும் பசிபிக் டிசி (நேர்மின்) லைனில் போகும் மின்சாரத்தை உடனுக்குடன் ஏற்றி இறக்கி அலைவை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தாமதத்தைக் கவனிக்க வேண்டும். அளவு வந்து சேர்ந்து கட்டளை போய்ச் செயல்பட அரை நொடி ஆனால், 0.25 ஹெர்ட்ஸ் அலைவில் 45 டிகிரி பின்தங்கும் (ஒரு முழு ஆட்டம் 360 டிகிரி), ஈடுகட்டிவிடலாம். 1 ஹெர்ட்ஸில் அதே அரை நொடி 180 டிகிரி. அடக்கப் போன கட்டளை ஆட்டத்தைத் தூண்டிவிடும். உங்கள் நிலையத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், சராசரித் தாமதத்தோடு விடாமல் நெட்வொர்க் நெரிசலில் அது எவ்வளவு கூடுகிறது என்பதையும், ஜிபிஎஸ் சிக்னல் போனால் கட்டுப்பாடு தானாக ஒதுங்கிக்கொள்கிறதா என்பதையும் கேளுங்கள்.