விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பல்கலைக்கழகம் முடித்து, கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் போதும். ஆனால் எதற்காக வாழ்கிறேன் என்ற கேள்வி விடாமல் துரத்துகிறது. நம் மக்களுக்காகப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும். நண்பர்களோடு அறக்கட்டளை தொடங்கலாமா? கனடா போய்ச் சம்பாதித்து அங்கிருந்து உதவலாமா? அல்லது தியான வகுப்புக்குப் போய் முதலில் என்னை நான் அறிந்துகொள்ள வேண்டுமா? போன மாதம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் எழுதக் கொப்பி கொடுத்தோம். சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாளில் அது போய்விட்டது. என் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மகளுக்கு,

தியான வகுப்பு பிடித்தால் போங்கள். அறக்கட்டளைக்குப் பெயர் தேடுவதிலும் தலைவர், செயலாளர் யார் என்பதிலும் ஆறு மாதம் கரைந்துவிடும். இப்போதைக்கு அதை விடுங்கள்.

கொப்பி கொடுத்த படங்களை இணைத்திருந்தீர்கள். பார்த்துக் கோபம் வந்தது. ஒரு சிறுமி கையில் ஒரு கொப்பி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏழு பேர். அவள் கொப்பியையும் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், பார்க்கிறாள். பதினைந்து வருடத்துக்கு முன் உங்களை அப்படி நிறுத்தியிருந்தால் உங்கள் அம்மா அன்று இரவு சாப்பிட்டிருப்பாரா? அந்தப் படங்களை இன்றே எடுத்துவிடுங்கள். நம் வீட்டுப் பிள்ளையை நாமே பிச்சைக்காரியாகக் காட்டக் கூடாது.

ஆனால் சந்தோஷம் இரண்டு நாளில் போய்விட்டது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அண்மையில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கும் இதே நினைப்புத்தான். பதினெட்டு வயதில் பேர் பதிந்து வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். வேலை செய்த காலத்தில் சேர்ந்த சேமலாபப் பணம் வரவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்துமா, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் முத்தாயி. மூவரும் ஒருவர்தான் என்று நிரூபித்துவிட்டு வரச் சொன்னார்கள். தன் சொந்தப் பணத்துக்காக அந்த அம்மா மேசைக்கு மேசை கும்பிட்டார். பிழை எழுதியது யாரோ ஒரு எழுதுவினைஞர், அலைவது இவர்.

என் பெரியம்மா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பகல் முழுக்க மலையில் கொழுந்து. இரவுச் சமையல் முடிந்ததும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குப்பி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். லயம் என்கிற வரிசை வீடுகளின் சனங்கள் கடிதத்தோடும் படிவத்தோடும் வருவார்கள். கொழுந்துக் கறை எத்தனை முறை கழுவினாலும் விரலைவிட்டுப் போகாது. படிவத்தில் கறை பட்டால் ஆபீசில் மதிக்க மாட்டார்கள் என்று மணிக்கட்டுக்கு அடியில் பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளை மடித்து வைத்துத்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் பெயரை எழுத்தெழுத்தாக உரக்க வாசித்துக் காட்டுவார். தலையாட்டினால் போதாது, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எங்கள் தோட்டத்து டிவிஷனில் பிறந்த பிள்ளைகளின் கணக்கு அதில் இருக்கும். "மூன்றாம் லயம், தொங்கல் காம்பிரா, ஆண் பிள்ளை, தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலம்." தொங்கல் காம்பிரா என்றால் வரிசையின் கடைசி அறை. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பாட்டன் எங்கே பிறந்தார் என்பதும் இருக்கும்.

பாட்டன் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றினால் நம் சரித்திரத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. இங்கே பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவனுக்குப் பூட்டனின் பத்திரம் எங்கே இருக்கும்? இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நாம், காட்ட முடியாததால் நாடற்றவர்களானோம். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டன. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம்.

அந்த ஒப்பந்தப் படிவங்கள் வந்த காலத்தில் டவுனில் புரோக்கர்கள் காசு வாங்கிக்கொண்டு கேட்காமலே ஏதோ ஒரு நாட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெரியம்மா அப்படிச் செய்யவில்லை. ஓர் அண்ணன் இந்தியாவுக்கு எழுதச் சொல்லி வந்தார். மறுநாள் தங்கை இலங்கைக்கு எழுதச் சொல்லி வந்தார். பெரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "இரண்டு பேரும் என் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடித்த பிறகு எழுதுகிறேன்." பேசினார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு படிவமும் இலங்கைக்கே போயின. அந்தக் குடும்பம் பிரியவில்லை.

கோ. நடேசய்யரைப் பெரிய தலைவர் என்கிறோம். துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தவர், 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்டவர். அவரும் மனைவி மீனாட்சியம்மையும் என்ன செய்தார்கள்? தொழிலாளிக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாகவே பாடினார். உங்களுக்குச் சின்னதாகத் தெரியும் வேலையை அவர்கள் சின்னதாக நினைக்கவில்லை.

நோக்கம் எங்கே என்று கேட்கிறீர்கள். கணக்குப் படித்த பிள்ளை நீங்கள்! அம்மாவின் சம்பளத் துண்டை என்றைக்காவது விரித்து வாசித்திருக்கிறீர்களா? சம்பளத்தில் பிடிக்கும் ஒவ்வொரு கழிவும் எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியுமா? தோட்டம் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா? உயர்தரம் முடித்த பிள்ளைக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, தேதி முடிந்த பிறகு லயத்துக்கு வருகிற கதை உங்கள் தோட்டத்தில் இல்லையா? சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்க ஆள் தேடி மூன்று லயம் நடக்கிறார்களே, அவர்களை நீங்கள் பார்த்ததில்லையா? கொழும்பில் வேலை செய்கிறீர்கள், சிங்களம் வாசிப்பீர்கள். உங்களுக்கு அரை மணி நேரம். அவர்களுக்கு ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போய்விடும்.

மக்களுக்காகப் பெரிதாக என்று எழுதியிருக்கிறீர்கள். மக்கள் என்றால் யார், மகளே? பக்கத்துக் காம்பிராவில் இருப்பவரின் பத்திரத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்க்காமல் மக்கள் மக்கள் என்று சொல்லாதீர்கள், அதை மேடையில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். கோயிலடியில் ஒரு மேசை போடச் சொல்லுங்கள், பேனர் வேண்டாம். முதல் தடவை நாலு பேர் வருவார்கள், அதிலும் இருவர் வேடிக்கை பார்க்க. மூன்றாம் மாதமும் நீங்கள் வந்தால்தான் நம்புவார்கள், ஏனென்றால் ஒருமுறை வந்து போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். போவதற்குமுன் பிரதேச செயலகத்தில் பெயர்த் திருத்தப் படிவத்தையும் பிறப்பு பதியாதவர்களுக்கான உத்தேச வயதுப் பத்திரப் படிவத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அம்மாவின் அடையாள அட்டையையும் செக்ரோல் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் எனக்கு எழுதுங்கள், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

கனடா விஷயம் பிறகு பேசலாம்.