அறிவியல் கேள்வி–பதில்: தீர்ந்த மின்கலம் தண்ணீரைச் சோதிக்குமா?

கேள்வி: பழுதான கைப்பேசிகளிலிருந்தும் தீர்ந்துபோன மின்கலங்களிலிருந்தும் நானோ பொருள்களைத் தயாரித்து, நீரிலும் காற்றிலும் கலந்துள்ள நச்சுகளைக் கண்டறியும் உணரிகளை ஆய்வாளர்கள் செய்கிறார்கள் என்று படித்தேன். குப்பைக்கும் இத்தனை நுட்பமான கருவிக்கும் என்ன தொடர்பு?

பதில்: வேதி உணரிகளுக்கு வேண்டிய பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், கிராஃபைட் ஆகிய அனைத்தும் நாம் தூக்கி எறியும் சாதனங்களில் இருக்கின்றன. சிலவோ சுரங்கத்தில் கிடைப்பதைவிடச் செறிவாகவே இருக்கின்றன: ஒரு டன் தாதுவில் சில கிராம் பொன் இருந்தாலே அது நல்ல சுரங்கம், ஒரு டன் கைப்பேசிச் சுற்றுப்பலகைகளிலோ நூற்றுக்கணக்கான கிராம் பொன் இருக்கக்கூடும்.

உணர்தல் என்பது பொருளின் மேற்பரப்பில் நடக்கும் வேலை என்பதால்தான் அதை நானோ அளவுக்குச் சிறிதாக்குகிறார்கள். 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. மட்டுமே, அதையே 1 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். நச்சு மூலக்கூறு வந்து ஒட்டுவதற்கான இடம் அந்த அளவுக்குப் பெருகுகிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது லித்தியம் அயனி மின்கலத்தின் கிராஃபைட்தான். மின்னேற்றும் ஒவ்வொரு முறையும் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் கார்பன் அடுக்குகளுக்கிடையே புகுகின்றன. மின்கலத்தைப் பயன்படுத்தும்போது வெளியேறுகின்றன. பல நூறு முறை இவ்வாறு நிகழ்ந்தபின் அடுக்குகளின் பிடிப்பு தளர்ந்துவிடுவதால், அவற்றைத் தனித்தனி ஏடுகளாக உரிப்பது புதிய கிராஃபைட்டைவிட எளிதாகிறது; உழைத்துத் தேய்ந்ததே இங்கே ஒரு தகுதியாகிவிடுகிறது. 1958-இல் வெளியான ஹம்மர்ஸ் முறைப்படி அடர் கந்தக அமிலத்தையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கொண்டு இந்தக் கிராஃபைட்டைக் கிராபீன் ஆக்சைடாக, அதாவது ஆக்சிஜன் சேர்ந்த மிக மெல்லிய கார்பன் ஏடுகளாக, மாற்றலாம். அதன் ஏடுகளில் உள்ள ஆக்சிஜன் தொகுதிகள் நீரிலுள்ள ஈய அயனிகளைப் பற்றிக்கொள்ளும். அத்தகைய ஏடுகளை ஒரு மின்முனையின்மேல் பூசி, அதில் சேர்ந்த ஈயத்தை மீண்டும் கரையச் செய்து, அப்போது பாயும் மின்னோட்டத்தை அளந்தால், நீரில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று கணக்கிடலாம்.

பொன்னின் வழி வேறு. மீட்ட பொன்னைக் கரைத்து, சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) சேர்த்துக் கொதிக்கவைத்தால் நானோ துகள்கள் உருவாகும்; 1951 முதல் அறியப்பட்ட முறை இது. துகள்கள் தனித்தனியே மிதக்கும்வரை கரைசல் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். துகள்மேல் பொருத்திய மூலக்கூறுகள் பாதரசம் போன்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு துகள்களைத் திரளச் செய்தால், அது நீலமாகும். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே காணக்கூடிய சோதனை இது. 1 கிராம் பொன்னிலிருந்து ஏறத்தாழ 5 லிட்டர் சிவப்புக் கரைசல் கிடைக்கும். ஒரு சோதனைக்கு 1 மில்லிலிட்டர் போதுமென்றால், 5,000 சோதனைகள்.

சுற்றுப்பலகையில் பாகங்களை இணைக்கும் உலோகக் கலவையான பற்றாசிலுள்ள வெள்ளீயத்தை ஆக்சைடாக்கினால் அது வாயு உணரியாகப் பயன்படும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடித்துவைப்பதால் மின்தடை உயர்ந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு வந்தால் அது அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்க, மின்தடை குறையும். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவிகள் பலவற்றிலும் நடப்பது இதுதான்.

கேள்வி: கழிவிலேயே ஈயமும் பிற உலோகங்களும் கலந்திருக்கும்போது, அதிலிருந்து செய்த உணரியின் முடிவை எப்படி நம்புவது?

பதில்: இந்தத் துறையின் முதன்மையான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. பழைய பற்றாசில் பெரும்பாலும் 37 முதல் 40 விழுக்காடு வரை ஈயம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் புதிய சாதனங்கள் பெரும்பாலானவற்றில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் கழிவுக் குவியலில் அதற்கு முந்தைய பலகைகளும் பிந்தைய பலகைகளும் கலந்தே வருகின்றன. சரியாகத் தூய்மைப்படுத்தாத பொருளில் ஈய உணரி செய்தால், அது நீரிலுள்ள ஈயத்தோடு தன்னுள் இருக்கும் ஈயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஆகவே ஈயமே இல்லாத தூய நீரில் முதலில் சோதித்து, அப்போதும் குறிகை எழுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அதைவிடக் கடினமானது, ஒரே சீரான தரம். வெள்ளீய ஆக்சைடில் சிறிதளவு பல்லேடியம் சேர்ந்தால் அதன் உணர்திறன் உயர்கிறது என்பதால், அயல் உலோகம் எப்போதும் தீங்கானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் வந்த பலகைகளில் ஓர் அளவும் அடுத்த வாரம் வந்தவற்றில் வேறோர் அளவும் இருந்தால், ஒரே மாதிரியான இரண்டு உணரிகளைக்கூடச் செய்ய இயலாது. வகை பிரிக்கும் மேசையில் காட்டும் அக்கறைதான் உணரியின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: என் மகன் பள்ளிக் கண்காட்சிக்காகப் பழைய கைப்பேசி மின்கலத்தைத் திறந்து கிராஃபைட்டை எடுக்க விரும்புகிறான். அனுமதிக்கலாமா?

பதில்: வேண்டாம். தீர்ந்ததாகத் தோன்றும் மின்கலத்திலும் ஆற்றல் மிஞ்சியிருக்கும். உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பிடிக்கும். அதன் மின்பகுபொருளில் உள்ள உப்பு ஈரக் காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற நச்சு வாயுவை வெளியிடக்கூடும். எடுத்த கிராஃபைட்டைக் கிராபீன் ஆக்சைடாக்க முயன்றாலும் ஆபத்துதான்: அடர் கந்தக அமிலமும் பெர்மாங்கனேட்டும் தவறான விகிதத்தில் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகும். பென்சில் முனையின் கிராஃபைட்டைக் கொண்டு தாளில் தடித்த கோடு வரைந்து, தாளை வளைக்கும்போது அதன் மின்தடை மாறுவதை அளந்து காட்டச் சொல்லுங்கள். உணரியின் அடிப்படை அதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: இதனால் மின்னணுக் கழிவு மலை குறையுமா?

பதில்: எடைக் கணக்கில் குறையாது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. ஓர் உணரிக்கோ மிகச் சிறிதளவு நானோ பொருளே போதும். செம்பையும் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் பெருமளவில் மீட்கும் ஆலைகளின் இடத்தை ஆய்வகம் நிரப்பாது; செலவான அமிலத்தை ஆய்வகம் அப்படியே வடிகாலில் விட்டால் புதிய கழிவே பிறக்கும்.

ஆயினும் இந்த ஆய்வு தொடர வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அவ்வளவு நுண்ணிய அளவை நாவால் அறிய முடியாது. ஆய்வகக் கருவிகளோ விலை உயர்ந்தவை. சுற்றுப்பலகைகளை வெட்டவெளியில் எரித்துச் செம்பு எடுக்கும் இடங்களைச் சுற்றி வாழும் மக்களுக்குத்தான் இந்தச் சோதனை முதலில் தேவைப்படுகிறது. மலிவான உணரி ஒன்று உருவானால், அது முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்களுடைய கிணற்றடி.