லாடம் எறிதல்: ஒன்றேகாலா, ஒன்றேமுக்காலா, ஃப்ளிப்பா?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். வயது 43. எங்கள் ஊர்ப் பூங்காவில் கோடைக்காலத்தில் வாரம் ஒரு மாலை ஹார்ஸ்ஷூ லீக் நடக்கிறது; தரையில் நட்ட முளையைச் சுற்றி விழும்படி லாடத்தை எறிகிற ஆட்டம். வேடிக்கை பார்க்கப் போன நான் இப்போது ஆடவும் சேர்ந்துவிட்டேன். "ஒன்றேமுக்கால் சுற்றுப் பழகு, மற்றதெல்லாம் வீண்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். யூடியூபில் ஒருவர், தலைகீழாகப் புரட்டி எறியும் ஃப்ளிப்தான் சுலபம் என்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டதில் மணிக்கட்டு வலிதான் மிச்சம். பத்து எறிந்தால் ஒன்றுகூட முளையைச் சுற்றி விழுவதில்லை. நான் எதைப் பழகுவது? மனைவியும் 14 வயது மகளும் ஆட ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கும் அதே முறைதானா?

பதில்: நீங்கள் ஒன்றேகால் சுற்றைப் பழகுங்கள், அதாவது லாடம் காற்றில் தட்டையாக ஒன்றேகால் முறை சுழன்று போகும் எறியை. மகள் ஃப்ளிப்பில் தொடங்கட்டும். மனைவி இரண்டையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தானே முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறாகச் சொல்லவில்லை. ஒன்றேமுக்காலில் எறிந்து கோப்பை வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் எறிந்து அவர் கையில் ஊறிப்போன முறை அது. 43 வயதில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னக் கணக்குப் போட்டால் அது புரிந்துவிடும்.

முளைக்கு முளை 40 அடி. நீங்கள் நிற்கும் கோட்டிலிருந்து எதிர் முளைக்கு 37 அடி. முளையின் கனம் ஒரு அங்குலம். லாடத்தின் வாய், அதாவது திறந்த பக்கம், அதிகபட்சம் மூன்றரை அங்குலம். அந்த வாய் முளையைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தால்தான் ரிங்கர், அதாவது லாடம் முளையைச் சுற்றி விழும் எறி. வளைந்த முதுகுப் பக்கம் முளையில் பட்டால் லாடம் எகிறி எங்கேயோ போய் விழும். குறி எவ்வளவு நேராக இருந்தாலும் பயனில்லை. உங்கள் மாநிலத்து ஆக்ரன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் மே என்பவர், வாய் திறந்தபடி போய்ச் சேருமாறு சுற்றைக் கட்டுப்படுத்தி எறிந்து 1920-ல் உலகப் பட்டம் வென்றார். உயர்மட்ட ஆட்டத்தின் போக்கு அதற்குப் பிறகு மாறிவிட்டது. ஒன்றேகால், ஒன்றேமுக்கால், முக்கால் என்று நீங்கள் கேள்விப்படும் எல்லாமே இந்த ஒரு காரியத்துக்கான வெவ்வேறு வழிகள்தான்.

இனி கணக்கு. ஒன்பது அடி உயரம்வரை எழும்பி இறங்கும் எறி காற்றில் ஏறக்குறைய ஒன்றேகால் வினாடி இருக்கும். ஒன்றேகால் சுற்று என்றால் அந்த நேரத்தில் லாடம் 450 டிகிரி திரும்புகிறது. ஒன்றேமுக்கால் என்றால் 630 டிகிரி. யாருடைய கையும் இயந்திரம் இல்லை. ஒரு எறிக்கும் அடுத்த எறிக்கும் சுழலும் வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகாலில் வாய் 22 டிகிரி சொச்சம் விலகிப் போகும். ஒன்றேமுக்காலில் 31 டிகிரிக்கு மேல். கையில் நடப்பது ஒரே பிழைதான். முளையருகே அதன் விளைவு ஒன்றரை மடங்குக்குச் சற்றே குறைவு. தேர்ந்த கை அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்துவிடும் என்பதால் பெரியவருக்கு இது பொருட்டே இல்லை. உங்களுக்கு இப்போதைக்கு ஐந்துகூட நல்ல நாளில்தான் கிடைக்கும்.

அப்படியானால் சுற்று குறையக் குறைய நல்லதுதானே, முக்கால் சுற்றுக்கே போய்விடலாமே என்று கேட்பீர்கள். உலகப் பட்டத்தை இருபது தடவைக்கும் மேல் வென்ற ஆலன் ஃபிரான்சிஸ் எறிவது முக்கால் சுற்று எதிர்த்திருப்பம். அவரும் உங்கள் ஒஹாயோவில், டிஃபையன்ஸ் நகரில்தான் வசிக்கிறார். நூறு எறிந்தால் எண்பதுக்கு மேல் ரிங்கர் போடுகிறவர். வலது கைக்காரர்கள் பெரும்பாலும் கடிகார முள் திசையில் சுழற்றுவார்கள். எதிர்த்திருப்பம் அதற்கு நேர்மாறு. பிழை குறைவு என்பது உண்மை. ஆனால் சுழற்சி மெதுவாக இருந்தால் லாடத்தைத் தட்டையாக வைத்திருக்கும் பலமும் குறைந்துவிடும். கைவிட்ட கணத்தில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வழியெல்லாம் ஆடிக்கொண்டே போகும். கைவிடுவது துல்லியமாக இருப்பவர்களுக்குத்தான் முக்கால் சுற்று பலன் தரும். கை ஒரு நிலைக்கு வந்த பிறகு வேண்டுமானால் ஒரு குளிர்காலம் முழுக்க அதைச் சோதித்துப் பாருங்கள். இப்போது வேண்டாம்.

சரி, ஒன்றேகாலை எப்படிப் பிடிப்பது? வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன். இடது கை என்றால் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். லாடத்தை முன்னால் தட்டையாகப் பிடியுங்கள், வாய் இடப்பக்கம் பார்க்கட்டும். லாடத்தின் இரு கைகளான தண்டுகளின் நுனியில் இருக்கும் கொக்கிகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். உங்களை ஒட்டிய தண்டில் கட்டைவிரல் மேலே படுக்கட்டும். நடு மூன்று விரல்களும் அடியில் போய், முதல் கணுவில் மடங்கி உள்விளிம்பைப் பற்றட்டும். சுண்டுவிரல் வெளிவிளிம்பில் சும்மா முட்டுக் கொடுத்தால் போதும். ஒன்றேமுக்காலுக்கு வாய் வலப்பக்கம் பார்க்கும். மற்றபடி சுழலும் திசை அதேதான். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு லாடம் முளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான்: கை ஒன்றின் சுழற்சியை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதன் பிடியில் எறிகிறது. அரைச் சுற்று தப்பினால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் முதுகு வந்துவிடும்.

உங்கள் மணிக்கட்டு வலிக்கு வருகிறேன். வலியைப் பார்த்தால், மணிக்கட்டை வெட்டித் திருப்பித்தான் சுற்று வரவழைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது தேவையே இல்லை. கையைப் பின்னுக்கு வீசும்போது லாடம் செங்குத்தாக, தொடையை ஒட்டிப் போகும். முன்னுக்கு வரும்போது அதைப் படிப்படியாகத் தட்டையாக்குகிறீர்கள். அந்தத் தட்டையாக்கத்திலேயே சுற்று பிறந்துவிடும், ஏனென்றால் லாடத்தை அதன் எடையின் நடுவில் பிடிக்காமல் ஓரத் தண்டில் பிடித்திருக்கிறீர்கள். மணிக்கட்டு உறுதியாக இருக்கட்டும், ஆனால் விறைப்பாக வேண்டாம். சாவிக்கொத்தை மாடியில் நிற்கும் ஒருவருக்குக் கீழிருந்து தூக்கிப் போடும்போது கையைத் திருகுவோமா? அந்த இயல்பு போதும். லாடத்தின் எடை அதிகபட்சம் 2 பவுண்டு 10 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 1.2 கிலோ. இதை இறுக்கிப் பிடித்து மாலை முழுக்கத் திருகினால் வலிக்காமல் என்ன செய்யும்? முதலில் ஒரு வாரம் எறியாமல் விடுங்கள். அதற்கு மேலும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். லீக் எங்கேயும் போய்விடாது.

சுற்று கூடிக் குறைவதைச் சரிசெய்ய மணிக்கட்டைத் தொடாதீர்கள், விரல்களை நகர்த்துங்கள். தண்டில் அரை அங்குலம் முன்னே நகர்த்திப் பத்து எறி, பின்னே நகர்த்திப் பத்து எறி. சுற்றில் வரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிடித்த இடத்தை மறக்காமல் இருக்க ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு சுற்றியது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். முளையைச் சுற்றியுள்ள மண் குழியில் கிடக்கும் லாடத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறார்கள். விழுந்த பிறகு அது சறுக்கியிருக்கும், முளையில் பட்டுத் திரும்பியிருக்கும். போனை உங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். லாடத்தின் ஒரு தண்டுக்கு மட்டும் பளிச்சென்ற நிறம் அடித்துவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். தரையைத் தொடும் கணத்தில் வாய் முளைக்கு வலப்பக்கம் திரும்பியிருந்தால் சுற்று கூடிவிட்டது, இடப்பக்கம் இருந்தால் குறைந்துவிட்டது. எதிர்த்திருப்பத்துக்கு இது தலைகீழ். இன்னொன்று: வழக்கத்தைவிட உயரமாகப் போன எறி காற்றில் அதிக நேரம் இருப்பதால் கூடுதலாகச் சுற்றும். சுற்று கூடிவிட்டது என்று பிடியை மாற்றும் முன் உயரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

உயரம் எட்டிலிருந்து பத்து அடிக்குள் இருக்கட்டும். ஒன்பது அடி என்றால் லாடம் ஏறக்குறைய 40 டிகிரிச் சரிவில் இறங்கும், முளையின் பக்கமாக வந்து பிடித்துக்கொள்ளும். ஆறு அடியில் தாழ்வாகப் பாய்ந்தால் குழியில் நிற்காமல் சறுக்கும். பதினான்கு அடிக்கு ஏற்றினால் விழும் வேகத்தில் துள்ளும்.

நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். வலது கைக்காரர் முளைக்கு இடப்பக்க மேடையில் நின்றால் வீசும் கை இரண்டு முளைகளின் நேர்கோட்டில் வரும். கை முன்னே வரும்போது இடது கால் ஓர் அடி எடுத்து வைக்கட்டும். முறையான ஆட்டத்தில் தன் முறை வரும்போது எறியும் இரண்டு லாடங்களையும் ஒரே பக்கத்திலிருந்துதான் எறிய வேண்டும். லாடம் கையை விட்டுப் போகும் முன் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஃப்ளிப்பைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லாடத்தின் வளைவின் நடுவில் பிடித்து, வாயை முளைக்கு நேராக வைத்து எறிகிறோம். காற்றில் ஒரு முறையோ இரண்டு முறையோ குட்டிக்கரணம் போட்டுவிட்டு விழும். இதில் லாடம் இடமோ வலமோ திரும்புவதே இல்லை. மேலே போட்ட டிகிரிக் கணக்கு அப்படியே காணாமல் போய்விடும். அதனால்தான் புதியவர் கையிலும் முதல் நாளே ஒன்றிரண்டு ரிங்கர் விழுகிறது. பிழை இங்கே வேறு வடிவில் வரும். கரணம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ லாடம் தட்டையாக விழாமல் நுனி குத்தியோ முதுகு குத்தியோ விழுந்து எகிறும். ஈரக் களிமண் குழியானால் அது அப்படியே பதிந்துகொள்ளும், பிழைத்தோம். காய்ந்து இறுகிய மண்ணில் நல்ல எறிகூட வீணாகும். உங்கள் பூங்காவில் குழி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பராமரிக்கிறார்கள் என்றால் ஃப்ளிப்புக்குத் தடை இல்லை. 40 அடிக்கு இழுத்து எறியும்போது ஒற்றைக் கரணத்தை அடக்கி வைப்பது சிரமம். 30 அடியில் அழகாக வரும்.

மகளுக்கு அதைச் சொன்னதும் இதனால்தான். அமெரிக்கத் தேசிய லாட எறிதல் சங்கத்தின் விதிப்படி பெண்களும் ஜூனியர்களும் 30 அடியிலிருந்து எறியலாம். 70 வயது ஆன ஆண்களுக்கும் அந்த உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது ஆகிவிட்டதா என்று நான் கேட்கமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். மனைவிக்கும் 30 அடிதான் என்பதால் ஒன்றேகாலும் அவருக்குக் கடினமாக இராது. தூரம் குறைந்து காற்றில் இருக்கும் நேரமும் குறைவதால், அதே பிடியில் சுற்று சற்றுக் குறையும். உங்கள் பிடியை அவருக்கு அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவர் விரல் நிற்க வேண்டிய இடத்தை அவரே தேடட்டும்.

வாங்கும் லாடத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கடைகளில் பிக்னிக்குக்கு என்று பெட்டியில் விற்கும் மலிவு செட்டுகளில் கொக்கி சரியாக இருக்காது. முளையைப் பிடித்த லாடம் நழுவி வெளியே வந்துவிடும். சங்கம் அங்கீகரித்த லாடங்கள் கடினம், நடுத்தரம், மென்மை, மிகமென்மை என்று இரும்பின் தரப்படி கிடைக்கும். மென்மையானது அடிபட்டால் துள்ளுவது குறைவு, ஆனால் விளிம்பு சீக்கிரம் பிசிறடிக்கும். அவ்வப்போது அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் விரலைக் கிழிக்கும். புதியவருக்கு நடுத்தரமே போதும். மகளுக்கு எடை குறைந்த செட்.

பயிற்சிக்கு நாள் ஒன்றுக்கு 40, 50 எறி தாராளம். களைத்த பிறகு எறிவதில் கை தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் ரிங்கரை எண்ணாதீர்கள். வாய் முளையைப் பார்த்து இறங்கிய எறிகளை மட்டும் எண்ணுங்கள், லாடம் ஓர் அடி தள்ளி விழுந்தாலும் சரி. பத்தில் ஆறு அப்படி இறங்கத் தொடங்கிய பிறகு குறியைப் பற்றிக் கவலைப்படலாம். இந்தக் கோடை முடியும்வரை முறையை மாற்ற வேண்டாம். பெரியவர் கேட்டால், அடுத்த வருடம் ஒன்றேமுக்காலுக்கு வருகிறேன் என்று சொல்லிவையுங்கள். முளையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் விழுந்து, இரண்டு பேரில் மிக நெருக்கமாக இருக்கும் லாடத்துக்கு ஒரு புள்ளி உண்டு. ரிங்கருக்கு மூன்று. இப்போதைக்கு அந்த ஒற்றைப் புள்ளிகளைச் சேர்த்தாலே லீக்கில் நீங்கள் கடைசி இடத்தில் இருக்கமாட்டீர்கள்.